முன்னாள் எம்.பி. முகம் கொடுத்த அப்பீல் கவுன்ட்டர்: மெட்டாவின் மேற்பார்வை வாரியம் எப்படி இருக்கிறது?

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ நாம் போட்ட பதிவைத் தூக்கிவிட்டால், இரண்டையும் நடத்தும் மெட்டா கம்பெனியைத் தாண்டி வெளியே அப்பீல் போட ஒரு இடம் இருக்கிறது என்று சொன்னால் நம் ஆட்களில் பாதிப் பேர் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். இருக்கிறது. பெயர் மேற்பார்வை வாரியம். 2020 அக்டோபரிலிருந்து மனு வாங்குகிறார்கள், பைசா கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நிக் கிளெக் என்ற மனிதரைத் தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் இந்த வாரியத்தில் உருப்படியாக இருப்பதும் ஓட்டையாக இருப்பதும் இரண்டுமே அரசியல்வாதியாக இருந்த ஒருவர் கம்பெனிக்குள் போனால் என்ன செய்வாரோ அதன் அச்சு அசல்.

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டரை. தீர்ப்புகளின் தரத்துக்கு மட்டும் என்றால் தாராளமாக நாலு போடலாம். உள்ளே நுழையும் வாசலுக்கு ஒன்று போடவே கை வரவில்லை.

சரி, ஆள் யார்? பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சிக்காரர். 1999-ல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர், 2005-ல் ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதியின் எம்.பி., 2007 டிசம்பரில் கட்சித் தலைவர். 2010 தேர்தல் சமயத்து டிவி விவாதத்தில் அன்றைய பிரதமர் கார்டன் பிரவுனே 'நிக் சொல்வது சரி' என்கிற ரீதியில் திரும்பத் திரும்பப் பேச, ஒரே ராத்திரியில் நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, கன்சர்வேடிவ் கட்சியோடு கூட்டணி, இவர் ஐந்து வருடம் துணைப் பிரதமர். அங்கேதான் சிக்கினார். கல்லூரிக் கட்டணத்தை உயர்த்தும் எந்த முயற்சிக்கும் எதிராக ஓட்டுப் போடுவேன் என்று மாணவர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, 2010 டிசம்பரிலேயே வருடத்துக்கு 9,000 பவுண்டு வரை வசூலிக்க வழி செய்யும் உயர்வுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். 2012-ல் மன்னிப்புக் கேட்டு வீடியோ வெளியிட்டார், அதை யாரோ குறும்புக்காரர்கள் பாட்டாக்கி இணையமெல்லாம் ஓட விட்டார்கள். 2015 தேர்தலில் கட்சியின் 57 இடங்கள் 8 ஆக இறங்கின. 2017-ல் சொந்தத் தொகுதியும் போயிற்று.

அடுத்த வருடம் அக்டோபரில் ஃபேஸ்புக்கில் (மெட்டா கம்பெனியின் அன்றைய பெயர்) வேலைக்குச் சேர்ந்தார். கோடிக்கணக்கான பயனர்களின் தகவல் அவர்களுக்குத் தெரியாமல் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெடித்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கம்பெனிக்கு அப்போது தேவைப்பட்டது இன்னொரு இன்ஜினியர் அல்ல, நாடாளுமன்றக் குழுக்கள் கேள்வி கேட்டால் எப்படி உட்கார வேண்டும், எதற்குப் பதில் சொல்லி எதற்குச் சொல்லாமல் நகர வேண்டும் என்று தெரிந்த ஒருவர். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பழகியவரையே கொண்டுவந்துவிட்டார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது, பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 27 அன்று லண்டனில் ஒன்பது நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஃபேஸ்புக்கை விசாரித்தார்கள். மார்க் ஸக்கர்பெர்க் வர மறுத்துவிட்டார். அவர் பெயர்ப் பலகையை வைத்து நாற்காலியைக் காலியாகவே போட்டு வைத்தார்கள், அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனி சார்பாகத் திட்டு வாங்கியவர் ரிச்சர்ட் ஆலன். அவர் 1997 முதல் 2005 வரை எம்.பி.யாக இருந்தது எந்தத் தொகுதிக்கு என்று நினைக்கிறீர்கள்? அதே ஷெஃபீல்ட் ஹாலம். கிளெக்குக்கு முந்தைய எம்.பி. அடுத்தடுத்த இரண்டு எம்.பி.க்களைச் சப்ளை செய்த அந்தத் தொகுதிக்கு ஃபேஸ்புக் ஒரு பஸ் ஸ்டாப்பாவது கட்டிக் கொடுத்திருக்கலாம்.

வாரியம் என்ற யோசனை கிளெக்குடையது அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். சட்டப் பேராசிரியர் நோவா ஃபெல்ட்மன் 2018-ன் தொடக்கத்திலேயே ஸக்கர்பெர்க்கிடம் சொன்னது அது. ஆனால் 2019 ஜனவரியில் அதன் வரைவு விதிகளோடு ஊர் முன்னால் வந்து நின்றது கிளெக். அதற்கப்புறம் பெரிய விவகாரங்களில் வாரியம் சொன்னதற்குக் கம்பெனியின் பதிலை வாசித்ததும் அவர்தான். 2022 பிப்ரவரியில் உலகளாவிய விவகாரங்களுக்கான தலைவராகப் பதவி உயர்வும் கிடைத்தது.

இனி கவுன்ட்டருக்குப் போவோம்.

பதிவு நீக்கப்பட்டதாக அறிவிப்பு வரும். அதிலிருந்தே முதலில் கம்பெனியிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும், நேராக வாரியத்துக்கு ஓட முடியாது. கம்பெனியும் கைவிரித்துவிட்டால் ஒரு குறிப்பு எண் தருவார்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வாரியத்தின் தனி இணையதளத்துக்குப் போய், பதிவு போட்ட அதே கணக்கால் உள்ளே நுழைந்து மனு எழுத வேண்டும். கெடு 15 நாள். எதற்காக அந்தப் பதிவைப் போட்டீர்கள், நீக்கியது ஏன் தவறு என்று கேட்பார்கள். உங்களை அடையாளம் காட்டும் விவரங்களைத் தீர்ப்பில் வெளியிடலாமா என்றும் கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை அவசரத்தில் 'சரி சரி' என்று தட்டிவிடாதீர்கள், சில ஊர்களில் அது விளையாட்டு இல்லை. 2021 ஏப்ரலில் இருந்து இன்னொரு வழியும் திறந்தார்கள்: அடுத்தவர் போட்ட பதிவைப் புகார் செய்தும் கம்பெனி எடுக்கவில்லை என்றால் அதற்கும் மனு போடலாம்.

மனு போனதும் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? வாரியத்தின் ஒரு குழு எந்த வழக்கை எடுப்பது என்று பார்க்கும். எடுத்தால் ஐந்து பேர் கொண்ட பெஞ்சுக்குப் போகும். சாதாரணமாக 90 நாள் கணக்கு. அந்தக் குறிப்பிட்ட பதிவைப் பற்றிய தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், ஏழு நாளுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். கூடவே 'விதியை இப்படி மாற்று' என்று பரிந்துரையும் செய்வார்கள், அதைக் கம்பெனி ஏற்கலாம், விடலாம், பதில் மட்டும் சொன்னால் போதும். இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது, கொஞ்சம் கழித்து வருகிறேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தவர்களுக்கு இந்த இடம் பழகின இடம் மாதிரியே இருக்கும்: ரசீது உறுதி, மற்றது ஆண்டவன் விட்ட வழி. கணக்கைப் பாருங்கள். தொடங்கிய நாளிலிருந்து 2021 கடைசி வரை வந்த மனுக்கள் பத்து லட்சத்துக்கு மேல். அந்தக் காலத்தில் சொன்ன தீர்ப்புகள் 20. அதிலும் சில, பயனர் மனுவால் வராமல் கம்பெனியே அனுப்பி வைத்தவை. ஐம்பதாயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கதவு திறக்காது என்று அர்த்தம். வாரியத்தின் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது, எல்லா மனுவையும் பார்ப்பது அவர்கள் வேலையில்லை, முன்மாதிரியாக நிற்கக்கூடிய வழக்குகளை மட்டும் எடுத்து விதியைச் சீராக்குவதுதான் வேலை. சரி. அப்படியென்றால் இதை 'உங்கள் குரலுக்கான இடம்' என்று ஒவ்வொரு பயனருக்கும் விளம்பரம் செய்யாமல் இருந்திருக்கலாம். தேர்தல் வாக்குறுதி எழுதிப் பழகின கை, வேறென்ன சொல்ல.

அந்த 20-ல் 14 தீர்ப்புகள் கம்பெனி செய்தது தவறு என்று வந்தன. இது நல்ல செய்திபோல் தெரியும், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பொறுக்கி எடுத்துப் பார்த்த வழக்குகளிலேயே இவ்வளவு தப்பு என்றால், யாரும் திறந்தே பார்க்காத அந்தப் பத்து லட்சத்தில் எத்தனை?

இப்போது தீர்ப்புகள். நாலு மார்க் ஏன் என்று சொல்கிறேன். ஒவ்வொன்றையும் தளத்தில் முழுதாகப் போடுகிறார்கள்: என்ன நடந்தது, பயனர் என்ன சொன்னார், கம்பெனி என்ன சொன்னது, வாரியத்துக்குள் யார் மாறுபட்டார்கள், எல்லாம். கம்பெனியின் வயிற்றுக்குள் கிடக்கும் ரகசிய விதிகள் வெளியே வருவது பெரும்பாலும் இந்தப் பக்கங்களில்தான்.

பஞ்சாபி வழக்கைப் படியுங்கள். 2020 நவம்பரில் ஒருவர் பஞ்சாபி டிவி பேட்டி ஒன்றைப் பகிர்ந்து, ஆர்.எஸ்.எஸ். பற்றியும் 1984 சீக்கியர் படுகொலையைப் பற்றியும் தன் அச்சத்தை எழுதியிருந்தார். ஒரே ஒரு புகார் வந்தது, பதிவை எடுத்துவிட்டார்கள். அவர் மறுபரிசீலனை கேட்டார், கோவிட் காலத்தில் ஆள் குறைவு என்று பார்க்கவேயில்லை. வாரியம் வழக்கைக் கையில் எடுத்த பிறகுதான் 'அடடா, தப்பு நடந்துவிட்டது' என்று கம்பெனியே திருப்பிப் போட்டது. 2021 ஏப்ரல் தீர்ப்பில் வாரியம் சொன்ன முக்கியமான விஷயம், உங்கள் விதிப் புத்தகமே பஞ்சாபியில் இல்லையே, முதலில் அதை மொழிபெயர்த்துப் போடுங்கள் என்பது. கோடிக்கணக்கான பேர் பேசுகிற மொழி. எந்த விதியை மீறினோம் என்று சொந்த மொழியில் படிக்க வழியில்லாத நிலையில் அவர்களைத் தண்டித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

நம்மை இன்னும் நெருங்கி வருவது ஓசலான் வழக்கு. குர்து இன மக்களின் ஆயுத அமைப்பான பி.கே.கே.யின் தலைவர் அப்துல்லா ஓசலான் 1999-லிருந்து துருக்கியின் இம்ராலி தீவுச் சிறையில் இருக்கிறார். அவரைத் தனிமைச் சிறையில் வைத்திருப்பதைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று அமெரிக்காவில் இருந்த ஒருவர் 2021 ஜனவரியில் இன்ஸ்டாகிராமில் அவர் படத்தோடு எழுதினார். அபாயகரமான நபரை ஆதரிக்கிறார் என்று நீக்கிவிட்டார்கள். விஷயம் வாரியத்துக்குப் போன பிறகு கம்பெனி தன் பழைய கோப்புகளைத் தேடிப் பார்த்ததில், இப்படிப்பட்டவர்களின் சிறை நிலைமையைப் பற்றிப் பேசலாம் என்று 2017-லேயே உள்ளுக்குள் ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருந்தது தெரிந்தது. 2018-ல் வேறு ஒரு பரிசீலனை முறைக்கு மாறியபோது அந்தக் குறிப்பு விட்டுப்போய்விட்டது. மூன்று வருடம் அது தொலைந்ததே யாருக்கும் தெரியாது! இத்தனை கோடி பேர் புழங்குகிற இடத்தில் ஒரு ஜி.ஓ. காணாமல் போயிருக்கிறது, தேடுவாரில்லை. இதே காரணத்துக்காக இன்னும் எத்தனை பதிவுகள் போயின என்று வாரியம் கவலைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

ஈழத் தமிழர்களுக்கு இது யாரோ ஒரு குர்துவின் கதையாகத் தெரியாது. நவம்பர் 27 மாவீரர் நாள் நெருங்கும்போதெல்லாம் பிரபாகரன் படம், பழைய போர்க்காலப் படம், ஏன் நினைவேந்தல் நிகழ்ச்சிச் செய்திகூட நீக்கப்படுகிறது என்பது புலம்பெயர் தமிழர்களும் தமிழ்ச் செய்தியாளர்களும் பல வருடமாகச் சொல்லிவரும் புகார். விடுதலைப் புலிகள் அமைப்பை இந்தியா 1992-லும் அமெரிக்கா 1997-லும் தடை செய்தன, கம்பெனியின் அபாயகரமான அமைப்புகள் பற்றிய கொள்கை அமெரிக்கப் பட்டியலின் மேல் கட்டப்பட்டது, அந்த மட்டில் விளங்குகிறது. ஆனால் அமைப்பைக் கொண்டாடுவது வேறு, வரலாற்றைப் பேசுவது வேறு, செத்த பிள்ளைக்கு விளக்கேற்றுவது வேறு. இந்த வித்தியாசத்தை இழுத்துப் பிடிக்கத்தான் இப்படி ஒரு வாரியம் வேண்டும். ஓசலான் தீர்ப்பில் அந்த வித்தியாசத்தை அழகாகவே எழுதியிருக்கிறார்கள். தமிழர்களின் அந்தப் புகாருக்கு நேராக ஒரு முழுத் தீர்ப்பு இன்னும் என் கண்ணில் படவில்லை.

இலங்கையைப் பற்றியே ஒரு தீர்ப்பு உண்டு, 2023 மார்ச்சில் வந்தது. 2022 ஏப்ரலில் பொருளாதாரம் படுத்து, ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாத நேரம். அங்கே ஒரு மருத்துவத் தொழிற்சங்கத்தின் பக்கத்தில், மருந்துகளை நன்கொடையாக அனுப்புங்கள் என்று பதிவு போட்டார்கள். எழுத்துக்கு எழுத்து விதிப்படி மருந்து கேட்பது தடை செய்யப்பட்ட விஷயம். கம்பெனி விட்டுவைத்தது, விட்டுவைத்தது சரிதான் என்று வாரியமும் சொன்னது. இதில் வெளிவந்த சேதி என்னவென்றால், விதியின் எழுத்தை விட்டுவிட்டு அதன் நோக்கத்தைப் பார்த்து விலக்கு கொடுக்கும் ஒரு முறை கம்பெனிக்குள் இருந்திருக்கிறது, அது பயனர்கள் யாருக்கும் சொல்லப்படவில்லை. அதை வெளிப்படையாக எழுதிப் போடுங்கள் என்று வாரியம் கேட்டது. அதே நாட்டில் 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது வெறுப்புப் பதிவுகள் சிங்களத்தில் ஓடிக்கொண்டே இருந்ததையும், அரசாங்கம் கடைசியில் ஃபேஸ்புக்கையே முடக்கியதையும், 2020 மே மாதம் கம்பெனி அதற்காக மன்னிப்புக் கேட்டதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்த மருந்துத் தீர்ப்பு கொஞ்சம் கசக்கிறது. நல்லதை விட்டுவைக்கத் தெரிந்திருக்கிறது, கெட்டதை எடுக்கத்தான் மொழி தெரிந்த ஆள் போதவில்லை.

ஆட்களைப் பற்றி ஒரு வரி. 2020 மேயில் முதலில் அறிவித்த 20 பேரில் டென்மார்க் முன்னாள் பிரதமர் ஹெல்லே தார்னிங்-ஷ்மித் இணைத் தலைவர்களில் ஒருவர், நோபல் பெற்ற தவக்குல் கர்மான் இருந்தார், கார்டியன் பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் ஆலன் ரஸ்பிரிட்ஜர் இருந்தார், இந்தியாவிலிருந்து பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் துணைவேந்தர் சுதிர் கிருஷ்ணசாமி. மோசமான பட்டியல் இல்லை. சம்பளம் கம்பெனியிடமிருந்து நேராக வராமல் ஒரு அறக்கட்டளை வழியாக வருகிறது. அதற்கு முதலில் 13 கோடி டாலர், 2022-ல் மேலும் 15 கோடி டாலர் கொடுத்தார்கள். சுதந்திரமானவர்களா என்றால், தீர்ப்புகளைப் படித்த வரையில் ஆம் என்றுதான் சொல்வேன். பிரச்சினை நீதிபதிகளிடம் இல்லை.

பிரச்சினை எங்கே என்பதற்கு டிரம்ப் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2021 ஜனவரி 6-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கலவரத்துக்கு அடுத்து டிரம்ப்பின் கணக்கைக் காலவரையறை இல்லாமல் முடக்கினார்கள். பிறகு கம்பெனியே அதை வாரியத்துக்கு அனுப்பியது, பழி நம் தலையில் விழ வேண்டாம் என்று. வாரியம் 46 கேள்வி கேட்டது, அதில் ஏழுக்குப் பதிலே கிடையாது. மே 5-ல் வந்த தீர்ப்பு: முடக்கியது சரி, ஆனால் காலவரையறை இல்லாத தண்டனை என்று உங்கள் விதிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லையே, நீங்களே ஒரு முறையான தண்டனையை முடிவு செய்யுங்கள். பந்து திரும்ப வந்தது. ஜூன் 4-ல் கிளெக் அறிவித்தார், இரண்டு வருடம். 2023 ஜனவரியில் கணக்கைத் திருப்பிக் கொடுப்பதாகவும் அவரே அறிவித்தார். ஒரு நாட்டின் முன்னாள் அதிபர் எப்போது பேசலாம் என்பதை, சொந்தத் தொகுதியில் தோற்ற இன்னொரு நாட்டின் முன்னாள் துணைப் பிரதமர், ஒரு கம்பெனியின் பெயரில் அறிவிக்கிறார். யாரும் ஓட்டுப் போட்டு அவரை அங்கே உட்கார வைக்கவில்லை. இதில் அவர் எடுத்த முடிவு சரியா தப்பா என்பது வேறு விவாதம், அந்த நாற்காலி எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

கிளெக் கட்டியதில் கோர்ட்டு இருக்கிறது, சட்டசபை இல்லை. எது விதி, எது விலக்கு, யாருக்கு விலக்கு என்பதெல்லாம் கம்பெனிக்குள்ளேயே முடிவாகிறது. இதை அவர் தெரியாமல் செய்யவில்லை. 2019 செப்டம்பரில் வாஷிங்டனில் அவர் பேசிய பேச்சு நினைவிருக்கிறதா? அரசியல்வாதிகளின் பேச்சைத் தாங்கள் உண்மை சரிபார்ப்புக்கு அனுப்புவதில்லை என்று அறிவித்தார். டென்னிஸ் மைதானத்தைச் சமமாக வைத்து, கோடு போட்டு, வலையைச் சரியான உயரத்தில் கட்டுவது எங்கள் வேலை, நாங்களே மட்டையை எடுத்து ஆட மாட்டோம் என்கிற மாதிரி விளக்கம் வேறு. கிட்டத்தட்ட இருபது வருடம் அரசியலில் இருந்த ஒருவர் கம்பெனிக்குப் போய் அறிவித்த முதல் பெரிய சலுகைகளில் ஒன்று அரசியல்வாதிகளுக்கானது! நம் ஊரில் எம்.எல்.ஏ.க்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்ளும்போது மட்டும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசம் இல்லாமல் மேஜையைத் தட்டுவார்களே, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கொஞ்ச நாளிலேயே இந்தியாவில் அந்த மைதானம் எவ்வளவு சமம் என்பது தெரிந்தது. 2020 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது: தெலங்கானா பா.ஜ.க. எம்.எல்.ஏ. ராஜா சிங்கின் வெறுப்புப் பேச்சு விதியை மீறுகிறது என்று உள்ளே இருந்த ஊழியர்களே சொல்லியும், வியாபாரம் பாதிக்கும் என்று இந்தியக் கொள்கைப் பிரிவின் தலைவர் அங்கி தாஸ் நடவடிக்கையை எதிர்த்தார் என்று. செய்தி வந்த அடுத்த மாதம் ராஜா சிங்கைத் தடை செய்தார்கள், அக்டோபரில் அங்கி தாஸ் வேலையை விட்டுப் போனார். டெல்லி சட்டசபையின் ஒரு குழு கம்பெனியின் இந்தியத் தலைவருக்குச் சம்மன் அனுப்ப, வர முடியாது என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2021 ஜூலையில் கோர்ட், கூப்பிட்டால் போய் நிற்கத்தான் வேண்டும் என்றது. லண்டன் காலி நாற்காலிக் கதையின் இந்தியப் பதிப்பு.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தாலும் இதேதான். 2021-ல் கம்பெனியின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டு வந்த உள் ஆவணங்களில் ஒன்று, பொய்த் தகவலை அடையாளம் காணச் செலவிடும் நேரத்துக்கான உலக பட்ஜெட்டில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு, மீதி மொத்த உலகத்துக்கும் 13 சதவீதம் என்றது. அது முழுக் கணக்கு இல்லை, வெளியில் இருக்கும் உண்மை சரிபார்ப்பு அமைப்புகள் அதில் சேரவில்லை என்று கம்பெனி பதில் சொன்னது. இருக்கட்டும், பாதியாக்கிக் கொண்டாலும் தமிழுக்கு வந்து சேருவது எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள். வாரியத்துக்கு வரும் மனுக்களும் அப்படித்தான் வருகின்றன: ஆரம்ப வருடங்களில் பாதியளவு அமெரிக்கா, கனடாவிலிருந்து, தெற்காசியாவிலிருந்து துளியூண்டு. இங்கே தப்பு குறைவாக நடக்கிறது என்பதாலா? இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை என்பதால். வாரியமே அந்த எண்களை வைத்துத் தெற்காசியாவில் பிரச்சினை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது.

2025 ஜனவரி 2 அன்று கிளெக் கிளம்புவதாக அறிவித்தார். அவர் இடத்துக்கு ஜோயல் கப்லன், ஜார்ஜ் புஷ் காலத்து வெள்ளை மாளிகையில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர். ஐந்தே நாளில், ஜனவரி 7-ல், அமெரிக்காவில் உண்மை சரிபார்ப்புத் திட்டத்தை முடித்துக்கொள்வதாக ஸக்கர்பெர்க் வீடியோ போட்டார், வெறுப்புப் பேச்சு விதிகளும் தளர்ந்தன. இவ்வளவு பெரிய மாற்றம் வாரியத்தைக் கேட்டு வரவில்லை. ஏப்ரலில் வாரியம், வழக்கமான நடைமுறையை விட்டுவிட்டு அவசர அவசரமாகச் செய்திருக்கிறீர்கள் என்று குறை சொன்னது. குறை சொல்லத்தான் முடியும். நான் மேலே சொன்ன இரண்டு வாக்கியம் இதுதான், ஒரு பதிவைப் பற்றி அவர்கள் சொன்னால் சட்டம், விதியைப் பற்றிச் சொன்னால் யோசனை. கிளெக் இருந்தபோது அந்த யோசனைகளுக்கு ஒரு மரியாதை இருந்தது, 60 நாளுக்குள் வரிவரியாகப் பதில் எழுதுவார்கள், நிறையவே ஏற்றுக்கொண்டும் இருக்கிறார்கள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஆளின் பழக்கத்தில் நின்ற மரியாதை அந்த ஆளோடு போகும் என்பது நாடாளுமன்றத்தில் இருந்தவருக்குத் தெரியாதா? எழுதி வைக்காத மரபு ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்போ இந்தச் சேவை யாருக்கு? உங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தைத் தூக்கிவிட்டார்கள், ஹேக் ஆன கணக்கு திரும்ப வேண்டும், விளம்பரம் நின்றுபோயிற்று என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள், இது அதற்கான இடம் இல்லை. முழுக் கணக்கும் முடங்கிய கதைகளையும் இவர்கள் பெரும்பாலும் தொட்டதில்லை, தனித்தனிப் பதிவுகள்தான். ஆனால் செய்தி, வரலாறு, நினைவேந்தல், அரசியல், மதம், சாதி என்று பொதுவில் நின்று பேசுகிற பதிவு, அதே காரணத்துக்காக மற்றவர்களுடையதும் போய்க்கொண்டிருக்கிறது என்றால் கட்டாயம் போடுங்கள். எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் அல்ல. வாரியம் ஒரு வழக்கைப் பொறுக்கும்போது ஒரே மாதிரி மனு எத்தனை வந்திருக்கிறது என்பது அவர்கள் கண்ணில் படும், தெற்காசியக் கணக்கும் கொஞ்சம் ஏறும்.

போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அறிவிப்பும் குறிப்பு எண்ணும் வந்த உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், 15 நாள் ஓடுவது தெரியாது. மனுவில் கோபத்தைக் கொட்டாதீர்கள், 'தமிழனுக்கு மட்டும் ஏன் இப்படி' என்று தொடங்கினால் பெஞ்சில் இருக்கும் அமெரிக்கப் பேராசிரியருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. படத்தில் இருப்பது யார், எந்த வருடம், அதற்குக் கீழே நீங்கள் எழுதிய வரி எங்கள் ஊரில் என்ன அர்த்தத்தில் படிக்கப்படும், அதே நாளில் அதே படத்தை எந்தப் பத்திரிகை போட்டது, இதை மட்டும் எழுதுங்கள். ஓசலான் வழக்கு எண்ணையும் தளத்திலிருந்து எடுத்துக் கூடவே சேர்த்துவிடுங்கள்.